மங்களவதி கப்பல் எங்கே நிற்கிறது என்று தந்தி கொடுக்கவும்

உ
சிவமயம்

ராயவரம்,
ஹேவிளம்பி வருடம் சித்திரை 30,
12-5-1957, ஞாயிற்றுக்கிழமை.

சென்னப்பட்டணத்தில் இருக்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி ஏகாம்பரத்துக்கு அத்தான் கண்ணப்பன் ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் கூடப்பிறந்த ஆச்சி தெய்வானையும் சௌக்கியம். மழை இல்லை, ஊருணித் தண்ணீர் கடைசிப் படிக்கு இறங்கிவிட்டது, மற்றபடி குறையொன்றும் இல்லை. அங்கு நீயும் சௌபாக்கியவதி தனலட்சுமியும் குழந்தைகளும் எந்த நோய்நொடியும் அண்டாமல் இருக்க நகரச் சிவன் கோயிலில் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்தை முதல் பாராவிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷம் சென்னையில் பத்திரிகைக்குத் துறைமுகச் செய்தி எழுதியவன் நான். முதல் பாராவில் விஷயம் இல்லாத செய்தியை எங்கள் ஆசிரியர் படிக்கவே மாட்டார். என் மகன், உன் மருமகன் உடையப்பன் மூன்றாம் எஞ்சினியராக வேலை பார்க்கும் எஸ்.எஸ். மங்களவதி என்ற சரக்குக் கப்பல் இந்த மாதக் கடைசியில் சென்னைக்கு வருகிறது. அங்கே சரக்கு ஏற்றிக்கொண்டு சீமைப் பக்கம் போகிறது. போனால் இரண்டு வருஷம் அந்தப் பக்கத்திலேயே ஓடும், இங்கே திரும்பாது என்று கம்பெனியில் சொல்கிறார்கள். அவனுடைய சர்வீஸ் புத்தகம் என்னிடம் தங்கிவிட்டது. அது இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பயணத்துக்கு அவனைப் பதிவு செய்யமாட்டார்கள். ஆகவே அதை நான் நேரில் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாக வேண்டும். நீ தம்புச் செட்டித் தெருவில் கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் இருக்கிறாய். கப்பல் என்றைக்கு வருகிறது, எந்த இடத்தில் கட்டுகிறது என்று விசாரித்துத் தந்தி கொடுக்கவும். துறைமுகத்துக்குள் போக எனக்கும் உன் ஆச்சிக்கும் பாஸ் வாங்கி வைக்கவும்.

ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினால் என்ன என்று நீ கேட்பாய். கேட்காதவர்கள் இல்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கப்பலில் வேலை பார்க்கிறவனுக்கு அந்தப் புத்தகம் ஜாதகம் மாதிரி. எந்தக் கப்பலில் ஏறினான், எங்கே இறங்கினான், நடத்தை எப்படி என்று ஒவ்வொரு கேப்டனும் அதில் கையெழுத்துப் போட்டிருப்பார். நீல அட்டை, உள்ளே அவனுடைய படம், மீசை எடுப்பதற்கு முந்தியது. அப்படிப்பட்ட புத்தகம் எப்படி ராயவரத்தில் தங்கியது என்றால், அதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. அளவுக்கு மீறிய கவனம். தைப் பொங்கலுக்கு ஒரு மாத லீவில் வந்தவன் பிப்ரவரி 7-ஆம் தேதி வியாழக்கிழமை புறப்பட வேண்டும், சனிக்கிழமை சென்னையில் கப்பல் ஏற வேண்டும் என்று இருந்தது. உன் ஆச்சி பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். வியாழக்கிழமை அஷ்டமி. அஷ்டமியில் புறப்பட்ட பிள்ளை நடுக்கடலில் இருக்கும்போது தான் எப்படித் தூங்குவது என்று கேட்டாள். கப்பல் கம்பெனிக்கு அஷ்டமியும் நவமியும் கிடையாது என்று அவன் சிரித்தான். அதனால் அவள் திங்கட்கிழமை பஞ்சமியிலேயே நல்ல நேரம் பார்த்துப் பரஸ்தானம் வைத்துவிட்டாள். உனக்குத் தெரியாதது இல்லை. போகிறவனுடைய சாமான் ஒன்றை நல்ல நாளில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அன்றைக்கே அவன் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. பிறகு மூன்று நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். எனக்கு இதில் ஒரு சங்கடம்தான். சாஸ்திரப்படி திங்கட்கிழமையே ஊரை விட்டுப் போய்விட்ட பிள்ளைக்குச் செவ்வாயும் புதனும் வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டோம்.

இங்கேதான் தவறு நடந்தது. பரஸ்தானத்துக்கு வைக்கிற சாமான் ஏதோ ஒரு பழைய துண்டாக இருக்கக்கூடாதாம், அது இல்லாமல் போகவே முடியாது என்கிற சாமானாக இருக்க வேண்டுமாம், அப்போதுதான் பலிக்குமாம். எது இல்லாமல் நீ கப்பல் ஏற முடியாது என்று உன் ஆச்சி அவனிடம் கேட்டாள். அவன் எஞ்சினியர், கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிப் பழகியவன். சர்வீஸ் புத்தகம் என்று சொல்லிவிட்டான். அதை மஞ்சள் பையில் போட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, வடக்கே போகிறவனுக்கு வடக்கே இருக்கிற வீடாகத் தெருக்கோடியில் பூக்கட்டும் சொர்ணத்தின் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நாங்கள் மூன்று பேரும் தெருக்கோடிக்குப் போனபோது சொர்ணத்தின் வீடு பூட்டிக் கிடந்தது. குளத்தூரில் அவள் மகளுக்கு முதல்நாள் பொழுதுசாய வலி கண்டுவிட்டதென்று சாவியோடு போய்விட்டாள். ஜன்னல் வழியே பார்த்தால் மாடத்தில் மஞ்சள் பை தெரிகிறது. கை எட்டவில்லை. குடையை நீட்டினேன், குடையும் எட்டவில்லை. பூட்டை உடைக்கலாம் என்றாள் உன் ஆச்சி. பிரசவத்துக்குப் போனவள் வீட்டுப் பூட்டை உடைப்பது அஷ்டமியை விடக் கெடுதல் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் தடுத்தார்கள். பஸ் ஹாரன் அடித்தது.

உடையப்பன் கலங்கவில்லை. "கேப்டனுக்கு என்னைத் தெரியும் அப்பச்சி. பேசி ஏறிக்கிறேன். சொர்ணத்தக்கா வந்ததும் எடுத்து ரிஜிஸ்தர் தபால்ல போட்ருங்க, போதும்" என்றான்.

"தபால்ல போட்டுத் தொலைஞ்சு போச்சுன்னா? நானே கொண்டாரேன்" என்றேன்.

"நீங்க எதுக்கு இந்த வயசுல அலையணும்?"

அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

சொர்ணம் சனிக்கிழமை பகல் திரும்பினாள். பேரன் பிறந்திருந்தான். கற்கண்டு கொடுத்துப் பையையும் கொடுத்தாள். ஞாயிறு காலை நான் எழும்பூரில் இறங்கி உன் வீட்டுக்கு வந்ததும், சனி பிற்பகல் மூன்று நாற்பதுக்கே மங்களவதி போய்விட்டது என்று நீ சொன்னதும், கேப்டன் பொறுப்பேற்று எழுதிக்கொடுத்து உடையப்பனை ஏற்றிக்கொண்டதும், கல்கத்தா சேர்ந்ததும் புத்தகத்தைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டதும் உனக்குத் தெரிந்த கதை. தனலட்சுமி அன்று வைத்த சேப்பங்கிழங்குப் புளிக்குழம்பை நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவளுக்கு வருத்தம் இருந்திருக்கும். குழம்பில் குற்றமில்லை என்று சொல்.

ஊருக்குத் திரும்பி, கப்பல் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூட அட்லாசிலிருந்து வங்காள விரிகுடாவைக் கிழித்துச் சுவரில் ஒட்டி, அதன் மேல் ஒரு குண்டூசியைக் கப்பலாக நிறுத்தினேன். பத்திரிகை இங்கே மறுநாள் மத்தியானப் பஸ்ஸில்தான் வரும். அதில் கப்பல் வரவு போக்கு என்று நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியை ஒரு காலத்தில் எழுதியவன் நான் என்பதால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். "எதிர்பார்க்கப்படுகிறது" என்று இருந்தால் எழுதியவனுக்கும் தெரியாது என்று அர்த்தம். அதனால் துறைமுகங்களுக்கே நேரில் எழுதிக் கேட்டேன். கல்கத்தா, விசாகப்பட்டினம், காக்கிநாடா, சென்னை, கடலூர் என்று ஐந்து இடத்துக்கு எழுதினேன். ஐந்து இடத்திலிருந்தும் ஒழுங்காகப் பதில் வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது, மேற்படி கப்பல் இன்றைய தேதியில் இந்தத் துறைமுகத்தில் இல்லை என்று ஐந்து பேரும் முத்திரை போட்டு உறுதி சொல்லியிருந்தார்கள். ஆகவே கடலில் இருக்கிறது என்று முடிவு செய்தேன். குண்டூசியை எடுத்துத் தண்ணீரில் குத்தினேன். மறுநாள் பார்த்தால் மங்களவதி கடலே இல்லாத நாகபுரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. உன் ஆச்சியைக் கேட்டால், சுவரைத் துடைக்கும்போது விழுந்துவிட்டது, தண்ணீரில் நின்றால் பிள்ளைக்குக் குளிரும் என்று கொஞ்சம் அங்கிட்டு மேடாகப் பார்த்து வைத்தேன் என்கிறாள்.

மார்ச் முதல் வாரம் ரங்கூனிலிருந்து அரிசி மூட்டையோடு மங்களவதி நாகப்பட்டினம் வருவதாகப் பத்திரிகையில் வந்தது. அந்த வரியில் "எதிர்பார்க்கப்படுகிறது" இல்லை. திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் என்று மூன்று இடத்தில் வண்டி மாறி மார்ச் 5-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கப்பல் நின்றது. ஏகாம்பரம், நான் எழுதியிருக்கிற கப்பல்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஒரு கப்பல் நிற்கிறதைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. மூன்று மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் போய்வர வேண்டும். படகுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே துறைமுகக் கொடிமரத்துக் காவல்காரர் அடைக்கலம் என்பவர் வந்து, கப்பலில் மஞ்சள் கொடி ஏறியிருக்கிறது, கரி தள்ளுகிற ஆள் ஒருவருக்கு உடம்பில் கொப்புளம், அம்மை என்று சந்தேகம், டாக்டர் படகு தவிர வேறு படகு போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டரைப் பார்த்தேன். நல்ல மனிதர். புத்தகத்தை என்னிடம் கொடுங்கள், நான் கப்பலுக்குத்தான் போகிறேன், உங்கள் மகன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்று அவராகவே கையை நீட்டினார். அரசாங்கப் பத்திரம், உரியவர் கையில் நேரில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அந்த மணலிலேயே இருந்தேன். இரண்டாம் நாள் அடைக்கலம் மனம் இரங்கித் தன் தூரக்கண்ணாடியைக் கொடுத்தார். கப்பலின் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் ஒருவன் நின்றான். உயரம் உடையப்பன் உயரம்தான். ஆனால் நிற்கிற விதம் தெரியவில்லை. என் பிள்ளை எப்படி நிற்பான் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. அவன் இந்த ஊரில் வளர்ந்த வருஷமெல்லாம் நான் சென்னையில் அடுத்தவர் வீட்டுக் கப்பல்களை எதிர்கொண்டு நின்றேன். வருஷத்துக்குப் பத்து நாள் வந்து போவேன். எனக்குத் தெரிந்த உடையப்பன் என்னை வழியனுப்பப் பஸ் பக்கத்தில் நிற்கிறவன்தான்.

"அது எம் மகனா, சமையல்காரனான்னு தெரியலையே" என்றேன்.

"கையை ஆட்டுங்க செட்டியாரே. யாரா இருந்தா என்ன, அவனுக்கும் ஒரு அப்பன் இருப்பான்ல" என்றார் அடைக்கலம்.

கையை ஆட்டினால் மூன்று மைலுக்குத் தெரியாது என்று குடையை விரித்து ஆட்டினேன். கொடிமரத்தடியில் நின்று அனுமதியில்லாத ஆள் கறுப்புக் குடையால் கப்பலுக்குச் சைகை காட்டுகிறார் என்று துறைமுக ஆபீசுக்குச் செய்தி போய், கால் மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் செய்ததில் பிழையில்லை, அங்கே நின்று எதை ஆட்டினாலும் கப்பலில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. மூன்று தரம் விரித்து இரண்டு தரம் சுருக்கினால் என்ன அர்த்தம் என்று நல்லவேளை யாருக்கும் தெரியவில்லை. என்ன நடந்தது என்று எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். எழுத்து என்றதும் எனக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. பஞ்சமியில் தொடங்கி நாலு பக்கம் எழுதினேன். அதிகாரி பொறுமையாகக் கடைசி வரை படித்துவிட்டு, சொர்ணத்தின் மகளுக்கு என்ன குழந்தை என்று குறிப்பிடவில்லையே என்றார். ஆண் குழந்தை என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது மங்களவதி நங்கூரம் எடுத்துவிட்டிருந்தது. நான் குடையை ஆட்டியபோது அந்த வெள்ளைச் சட்டை பதிலுக்குக் கையை ஆட்டினான் என்று அடைக்கலம் சொன்னார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரா, உண்மையா என்று விசாரிக்க நான் விரும்பவில்லை. ஊருக்கு வந்து உன் ஆச்சியிடம் ஆட்டினான் என்றே சொன்னேன்.

அவள் சும்மா இருப்பாளா. அடுத்த தடவை நானும் வாரேன் என்றுவிட்டாள். அடுத்த தடவை தூத்துக்குடி, ஏப்ரல் 11-ஆம் தேதி, வியாழக்கிழமை. மதுரை, மணியாச்சி வழியாகப் போனோம். பலகாரத்தில் மனகோலம் ஒரு தகரம், சீப்புச்சீடை ஒரு தகரம், நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி. ஜாடி மணியாச்சியில் உடைந்து, எங்கள் பெட்டியில் வந்த பத்துப் பேரும் நார்த்தங்காய் வாசனையோடு தூத்துக்குடியில் இறங்கினார்கள். போய்க் கேட்டால் ஏற்ற வேண்டிய உப்பு மூட்டை தயாராகவில்லை, அதனால் கப்பல் இங்கே நிற்காமல் நேரே கொச்சிக்குப் போய்விட்டது, முந்தாநாளே தாண்டிவிட்டது என்றார் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா. உன் ஆச்சி சீப்புச்சீடைத் தகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அதுக்கு ஒரு கடுதாசி போட்டு வரச் சொல்ல முடியாதா தம்பி?" என்று கேட்டாள்.

"ஒரு ஆளுக்காகக் கப்பலைத் திருப்ப மாட்டாங்க ஆச்சி."

"திருப்பவா சொன்னேன்? இருக்குற எடத்துல நிக்கச் சொல்லுங்க. நாங்க வந்துர்றோம்."

குமாஸ்தா பேனாவை வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போய் இரண்டு தம்ளர் காப்பி வாங்கிவரச் செய்தார். கப்பல் நிற்காத இடத்தில் இவ்வளவு மரியாதை செய்தார்களே என்று அந்த மனிதருக்கு ஒரு தகரத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். மனகோலத் தகரத்தைக் கொடுக்கவில்லை. அது உடையப்பனுக்கு.

ஆகக் கணக்கு இதுதான்: சென்னை, ஒரு நாள் தாமதம். நாகப்பட்டினம், மூன்று மைல் தூரம். தூத்துக்குடி, கப்பலே இல்லை. கொச்சி, பம்பாய் போய் இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறது. குண்டூசியை நேற்று இலங்கைப் பக்கம் நகர்த்தினேன், அங்கே சரக்குக்காகப் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்குமாம். மே 25-க்கும் 28-க்கும் நடுவில் சென்னை என்று நானே போட்ட கணக்கு. பத்திரிகை 30 என்கிறது, "எதிர்பார்க்கப்படுகிறது" என்று சேர்த்திருக்கிறார்கள். கப்பல் எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது, மூன்று நாள் நிற்கலாம், ஒரு நாளிலும் போகலாம். இது தவறினால் இரண்டு வருஷம். எனக்கு அறுபத்து மூன்று முடிகிறது. அதற்கு மேல் இதைப்பற்றி எழுத ஒன்றும் இல்லை. தந்தி கிடைத்த அன்றே, திதி பார்க்காமல், கிடைக்கிற வண்டியில் ஏறிவிடுவோம். உன் ஆச்சியே அப்படிச் சொல்லிவிட்டாள் என்றால் நிலைமை உனக்குப் புரியும்.

தனலட்சுமிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசியும் சேரட்டும். உன் வீட்டில் பெருகுவது பெருகி, தங்குவது தங்கி, எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிற நாட்கள் நிறைய வரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
கண்ணப்பன்

பின்குறிப்பு: திருத்தம்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் நான் எழுதிய செய்திக்குத் திருத்தம் போட நேர்ந்தது மூன்றே தடவை. இது நாலாவது. புத்தகம் இல்லாவிட்டால் அவனைப் பதிவு செய்யமாட்டார்கள் என்று மேலே எழுதியது உண்மையல்ல. கல்கத்தாவிலேயே பிப்ரவரி 20-ஆம் தேதி அவனுக்கு மாற்றுப் புத்தகம் கொடுத்துவிட்டார்கள். பழையது இனிச் செல்லாது, அதைத் தூக்கிக்கொண்டு அப்பச்சி அலைய வேண்டாம் என்று கார்டு போட்டிருந்தான். 26-ஆம் தேதி கிடைத்தது. அதாவது, நான் நாகப்பட்டினத்துக்கு வண்டி ஏறுவதற்கு முன்னாலேயே. உன் ஆச்சிக்கு நான் சொல்லவில்லை. ஆனால் தபால்காரரிடம் கார்டை வாங்கி என்னிடம் கொடுத்தவள் அவள்தான், கொடுக்கும்போது எழுதின பக்கத்தைக் கீழே கவிழ்த்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் தானும் வருவதாகச் சொன்னாள். நாங்கள் இருவரும் அந்தக் கார்டைப்பற்றி இதுவரை பேசவில்லை.

ஆகவே தந்தியை மறந்துவிடாதே. பாஸ் இரண்டு பேருக்கு. பாஸ் விண்ணப்பப் பாரத்தில் "வரும் காரணம்" என்ற இடத்தில் "ஆவணம் ஒப்படைக்க" என்றே எழுது. அந்தப் பாரம் எனக்குத் தெரியும். சரக்கு, பழுது, ஆவணம், பத்திரிகை என்று நாலு காரணம் அச்சடித்திருப்பார்கள். பிள்ளையைப் பார்க்க என்று அதில் ஒன்று கிடையாது.